ஆணியில் தொங்கிய ஆன்டெனா

எங்கள் விமானத் திடலின் கிளப் அறையில், காபி மெஷினுக்கு மேலே ஒரு பலகை இருக்கிறது. பலகை முழுக்க ஆணிகள். சொந்தமாக விமானம் கட்டுகிறவன் எதையாவது சொதப்பினால், சொதப்பிய பாகத்தைக் கொண்டுவந்து அதில் ஓர் ஆணியில் மாட்டி, கீழே தன் பெயரை எழுத வேண்டும். சனிக்கிழமை காலையில் பான்கேக் தின்ன வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். தலைகீழாகப் பொருத்திய பெட்ரோல் வால்வு, இறக்கைக்குள் மறந்து வைத்து ரிவெட் அடித்துவிட்ட ஸ்பேனர், எல்லாம் அங்கே தொங்குகின்றன. ஸ்பேனர் என்னுடையது.

ஆர்டிஸ் ட்வைட்டின் பெயர் அந்தப் பலகையில் ஒரே ஒரு முறை ஏறியது. அதுவும் அவள் செய்யாத தப்புக்கு. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவள் இந்த மாவட்டத்துக்காரி. மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். இருபத்து மூன்று வயதில் ஷெரிஃப் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவசர அழைப்புகளை எடுத்து, ரேடியோவில் போலீஸ்காரர்களை அனுப்புகிற வேலை. ஜன்னல் இல்லாத அடித்தள அறையில், காதில் ஹெட்செட்டோடு, வாழ்நாளின் பாதியை அங்கே கழித்தாள். பனியில் பள்ளத்துக்குள் போன கார்கள், தீப்பிடித்த கொட்டகைகள், எதற்குக் கூப்பிட்டோம் என்று சொல்லாமல் மூச்சு மட்டும் விடுகிற ஆண்கள். மூச்சை வைத்தே ஆள் குடித்திருக்கிறானா, பயந்திருக்கிறானா, பொய் சொல்கிறானா என்று கண்டுபிடித்துவிடுவாள் என்பார்கள். நாற்பது வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஜன்னல் வேணும்னு தோணுச்சு, கிளெம்" என்றாள். அதற்கு மேல் பேசமாட்டாள். வேலையில் பேசித் தீர்த்துவிட்டாள் போலும்.

அவள் கணவன் ஒரின் அதற்கு நேர்மாறு. பம்ப் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவன். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. அந்தக் கைக்கு இந்த மாநிலத்திலேயே ஈடு கிடையாது என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம், அவனும் நம்பினான். அடுத்தவன் விமானத்தின் கருவிப் பேனலுக்குக் கீழே தலையை விட்டு ஒயர்களைப் பார்ப்பான். "இது என்னடா, காக்கா கூடா? முட்டை எங்க?" என்பான். பேசாமல் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஏனென்றால் அவன் செய்த ஒயர் ஜாயிண்ட்டைப் பார்த்தால் நகைக்கடையில் வைக்கலாம். அந்தப் பலகையில் ஒரினின் பெயர் இருந்ததே இல்லை.

இருவரும் ஓய்வு பெற்றதும் இரண்டு பேர் உட்காரும் விமானத்தைத் தாமே பூட்டிக்கொள்ளும் கிட் ஒன்று வாங்கினார்கள். அலுமினியத் தகடுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. விமானம் நிறுத்தும் ஹேங்கர்களில் எனக்கு எதிரே இருந்தது அவர்களுடையது. குளிர்காலம்தோறும் அங்கே ரிவெட் சத்தம் கேட்கும். அவன் வெளியே சுத்தியல் பிடிப்பான், அவள் வால் பகுதிக்குள் தவழ்ந்து போய் உள்ளிருந்து முட்டுக்கொடுப்பாள். பெயின்ட், கண்ணாடி, ஆன்டெனா பொருத்துவது ஆகியவை அவள் பங்கு. ஒயரிங் அவன் பங்கு. வாலில் தொடங்கி, இறக்கைக்கு வந்து, கடைசிக் குளிர்காலத்தில் பேனலுக்கு வந்து சேர்ந்தான். அந்தக் கடைசிக் குளிர்காலத்தில் ஹேங்கர் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தனியாக வேலை செய்தான். "குளிருது, நீ வீட்டுக்குப் போ" என்று அவளை அனுப்பிவிடுவான். நாங்கள் அதை அவனுடைய கிறுக்கு என்று எடுத்துக்கொண்டோம்.

மார்ச்சில் நகரத்து டாக்டர்கள் அவன் நோய்க்குப் பெயர் சொன்னார்கள். நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும். முதலில் கை, அப்புறம் கால், அப்புறம் பேச்சு, கடைசியில் மூச்சு. மருந்து கிடையாது. ஜூனில் அவன் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். விமானம் அதே மாதம் அரசாங்க ஆய்வில் தேறியது.

அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். தான் கட்டிய விமானத்தில் வலது பக்க சீட்டில் உட்கார்ந்து, ஆற்றின் மேலே ஒரு சுற்றுப் போய் வர வேண்டும். ஆனால் சொந்தமாகக் கட்டிய விமானத்துக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் நாற்பது மணி நேரம் அது சோதனையில் இருக்கிறது. ஓட்டுகிறவர் தவிர வேறு ஆளை ஏற்றக் கூடாது. ஆக, ஆர்டிஸ் தனியாக நாற்பது மணி நேரம் பறந்து முடிக்க வேண்டும். அதுவரை ஒரின் உட்காரும் நிலையில் இருக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

முதல் நாள் பறந்து இறங்கியவள் நேராக எங்களிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ரேடியோ மைக் பட்டனை அமுக்கினா கருவித் திரை மொத்தமா செத்துப்போகுது. உயரம், வேகம் ஒண்ணும் தெரியல. ஆட்டோபைலட் மூக்கைக் கீழ தள்ளுது."

"அப்போ பேசாத" என்றான் ரோலி. கிளப்பின் தலைவன் அவன், பான்கேக் சுடுவதும் அவன்தான். "பட்டன் பக்கத்துல 'பேசாதே'ன்னு லேபிள் ஒட்டிடு. ஒட்டும்போது எனக்கும் ஒண்ணு குடு, என் பொண்டாட்டிக்கு ஒட்டணும்."

எல்லாரும் சிரித்தோம். லேபிள் ஒட்டிச் சமாளிப்பது எங்களிடம் வழக்கம்தான். பாதி விமானங்களில் அப்படி ஏதாவது ஒட்டியிருக்கும். ஆர்டிஸ் சிரிக்கவில்லை.

"ரேடியோ செத்தா என்ன ஆகும்னு நான் காதால கேட்டிருக்கேன், ரோலி. நீ கேட்டதில்ல" என்றாள்.

சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டனை அமுக்கினால் ரேடியோவின் சக்தி ஓர் ஒயர் வழியாக ஆன்டெனாவுக்குப் போய் வெளியே போக வேண்டும். வழியில் எங்காவது கசிந்தால் அது விமானத்துக்குள்ளேயே சுற்றும். கண்ட ஒயரிலும் ஏறும். கருவிகளுக்குப் பைத்தியம் பிடிக்கும். எங்கே கசிகிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் திடலில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். முதலில் கறுப்பு வளையங்கள் வந்தன. ஒயர்மேல் மாட்டினால் இரைச்சலை விழுங்கும் என்று கடையில் விற்கிற சமாச்சாரம். குழந்தைக்குத் தாயத்து கட்டுகிற மாதிரி அந்த விமானத்தின் ஒயருக்கு ஒயர் வளையம் மாட்டினோம். பிரயோசனமில்லை. என் ரேடியோவைக் கழற்றி அதில் மாட்டிப் பார்த்தோம். அதே கதை. ஆட்டோபைலட் ஒயரை வேறு வழியாக இழுத்தோம். திரை கொஞ்சம் தாமதமாகச் செத்தது.

ஒரின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தான். அப்போது அவனுக்கு நாக்கு கொஞ்சம் குழறத் தொடங்கியிருந்தது, ஆனாலும் வாய் ஓயவில்லை.

"ஆன்டெனாவைப் பாருங்கய்யா. அதை மாட்டினது இவ."

ஆர்டிஸ் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் படுத்து ஆன்டெனாவைக் கழற்றினாள். அடியில் தகடு பளபளக்கும்வரை சுரண்டினாள். மறுபடி மாட்டினாள். மாற்றமில்லை.

"சரியா சுரண்டல நீ. பெயின்ட் இருந்தா பிடிக்காது. எத்தனை தடவ சொல்றது?"

மறுபடி கழற்றினாள். மறுபடி சுரண்டினாள்.

"ஒயர்ப் பக்கம் ஒரு தடவ பாத்துடலாமா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"என் ஜாயிண்ட்டைத் தொடாத" என்றான் ஒரின். "உன் ஸ்பேனர் எங்க தொங்குதுன்னு ஞாபகம் இருக்கா?"

"யாரும் தொடலப்பா, சும்மா இரு" என்றான் ரோலி.

உண்மையிலேயே யாரும் தொடவில்லை. வேறு எவன் கட்டிய விமானமாக இருந்தாலும் முதலில் ஜாயிண்ட்டைத்தான் பிரித்திருப்போம். அதுதான் பாலபாடம். ஒரினின் ஜாயிண்ட் என்பதால் அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிரித்தோம். கோடைக்காலம் இங்கே வருவதே கொஞ்ச நாள்தான். அதில் பாதியை அப்படிக் கரியாக்கினோம். அதற்குள் ஒரினால் கரண்டி பிடிக்க முடியாமல் போய்விட்டது.

ஆகஸ்டில் ஒரு நாள், நர்ஸ் அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்த நேரம், ஆர்டிஸ் என்னைக் கூப்பிட்டாள். கையில் கட்டைவிரல் அளவு ஒரு போலி ஆன்டெனா வைத்திருந்தாள். வருகிற சக்தியை வெளியே விடாமல் தானே விழுங்கிவிடும் குமிழ் அது. அதை ரேடியோவின் முதுகிலேயே நேராகச் செருகிப் பட்டனை அமுக்கினாள். திரை அசையவில்லை. ஆக ரேடியோ சுத்தம். பிறகு ஒயரை முன்போல மாட்டி, ஒயரின் மறுமுனையில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் குமிழைச் செருகினாள். அமுக்கினாள். திரை செத்தது.

ஆன்டெனாவே இல்லை, ஆனாலும் கோளாறு இருக்கிறது. மிச்சம் இருப்பது நடுவில் உள்ள ஒயர்தான்.

"கதவைச் சாத்து, கிளெம்" என்றாள்.

பேனல் பக்கத்துக் கனெக்டரை அறுத்து வெளியே எடுத்தாள். ஒயரைச் சுற்றி மெல்லிய கம்பிகளால் ஒரு பின்னல் இருக்கும். அந்தப் பின்னல் சுற்றிலும் ஒரே சீராகக் கனெக்டரின் உடம்பைத் தொட வேண்டும். இதில் இரண்டே இரண்டு இழைகள்தான் தொட்டுக்கொண்டிருந்தன. மற்றவை கோணல்மாணலாக வெட்டுப்பட்டு உள்ளே சுருண்டு கிடந்தன. அழுத்திய இடத்தில் அழுத்தம் பதியவில்லை. இரண்டாவது முறை, மூன்றாவது முறை அழுத்திப் பார்த்த தடம் இருந்தது. மேலே கறுப்பு உறை போட்டு ஒரின் அழகாக மூடியிருந்தான்.

பேனலுக்குக் கீழே இருந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாக உறையைக் கிழித்துப் பார்த்தாள். எல்லாமே அப்படித்தான். பிறகு இறக்கைக்குப் போனாள். அங்கே சுமார். ஒன்றிரண்டில் கை தடுமாறியிருந்தது. கடைசியாக வாலுக்குள் தவழ்ந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. நானும் குனிந்து எட்டிப் பார்த்தேன். வாலில் இருந்தவை பழைய ஒரினின் வேலை, நகைக்கடை வேலை.

வாலிலிருந்து பேனல்வரை பார்த்தால் போதும், அவன் கை எங்கே தொடங்கி எங்கே செத்தது என்று தெரிந்துவிடும். டாக்டர்கள் மார்ச்சில் சொன்னார்கள். அவனுக்கு அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே தெரிந்திருக்கிறது. அதற்குத்தான் அந்தத் தாழ்ப்பாள்.

ஆர்டிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யாரு என்னன்னே தெரியாதவன் மூச்சைக் கேட்டு, இவன் பொய் சொல்றான், ஆளை அனுப்புங்கன்னு சொன்னவ நான். என் வீட்டுக்குள்ள ஒருத்தன் போன குளிர்காலம் பூரா சட்டைப் பட்டன் போட முடியாம இருந்திருக்கான். எனக்குக் கேக்கல பாரு."

எனக்கு அவள்மேல் இரக்கமும் ஒரின்மேல் கோபமும் ஒன்றாக வந்தன. "அந்தப் பயலுக்குக் கோடை பூராவும் தெரிஞ்சிருக்கு, ஆர்டிஸ். தெரிஞ்சுக்கிட்டேதான் ஆன்டெனா ஆன்டெனான்னு உன்னைப் போட்டு வறுத்திருக்கான். அவன் பறக்க வேண்டிய நாளை அவனே தின்னுட்டான்."

"தெரியும்."

"போய்க் கேளு அவனை."

"கேட்டு? அவன்கிட்ட இன்னும் என்ன மிச்சம் இருக்கு, அதையும் பிடுங்கவா?" எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டாள். "நீ வாயைத் திறந்தா உன்னைக் கொன்னுடுவேன், கிளெம்."

பேனலில் இருந்த எல்லா ஜாயிண்ட்டையும் அவளே புதிதாகச் செய்தாள். அவன் மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு. கடையில் கறுப்பு உறை தீர்ந்திருந்ததால் வெள்ளை உறை போட்டாள். அவன்தான் இனிமேல் குனிந்து பார்க்கப் போவதில்லையே என்று நினைத்திருப்பாள். முடித்தபின் பட்டனை அமுக்கினாள். திரை கல் மாதிரி நின்றது.

"என்னதான் கோளாறு?" என்று ஒரின் கேட்டான்.

"ஆன்டெனாதான். அடியில பெயின்ட் இருந்துச்சு. நீ சொன்னது சரி."

"பாத்தியா!" என்றான். சனிக்கிழமை அந்த ஆன்டெனாவைப் பலகையில் மாட்டியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தான். ஆர்டிஸ் புது ஆன்டெனா வாங்கிப் பொருத்திவிட்டு, எந்தக் குறையும் இல்லாத பழையதைக் கொண்டுவந்தாள். ரோலி ஆணியில் மாட்டினான். கீழே 'ஆர்டிஸ்' என்று அவளே எழுதினாள். "கோடை முழுக்க எங்களைச் சுத்தவிட்டியே, தாயே" என்று யாரோ கத்தினார்கள். கைதட்டினார்கள். ஒரின் இருமல் வரும்வரை சிரித்தான். நான் என் பான்கேக்கைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வெளியே போனேன்.

செப்டம்பரில் மழை விட்ட சில நாட்களில் அவள் பறந்தாள். காலையில் ஏறினால் பெட்ரோல் தீரும்வரை இறங்கமாட்டாள். இறங்கி, அவனுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு, மறுபடி ஏறுவாள். அக்டோபரில் மூடுபனி வந்து உட்கார்ந்துகொண்டது. நாட்கணக்கில் திடலின் மறுகோடி தெரியவில்லை. ஒரினின் கழுத்து தலையைத் தாங்க மறுத்தது. பட்டை போட்டார்கள். பேச்சில் பாதி காற்று. மாதக் கடைசியில் நர்ஸ் ஆர்டிஸைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். நாற்பது மணி நேரத்துக்கு இன்னும் ஆறு மணி நேரம் பாக்கி.

"ஆறு மணி நேரமாவது மண்ணாவது! ஏத்திட்டுப் போ. இங்க எவன் பாக்கப் போறான்? நாங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறோம்" என்றான் ரோலி. அவன் கண்ணில் தண்ணீர்.

"சட்டத்துக்காக இல்ல, ரோலி. மேல போனதும் மூச்சு அடைச்சுதுன்னா நான் விமானத்தைப் பிடிப்பேனா, அவனைப் பிடிப்பேனா? ஆகஸ்ட்லன்னா முடிஞ்சிருக்கும்." வெளியே கையைக் காட்டினாள். "ஓடுபாதையில கூட்டிட்டுப் போறேன். கீழயே."

அப்படித்தான் நடந்தது. ஒரு சனிக்கிழமை, பனி கொஞ்சம் விலகிய நேரத்தில், நாங்கள் நான்கு பேர் போர்வையில் வைத்துத் தூக்கி அவனை வலது சீட்டில் இறக்கினோம். கனமே இல்லை. ஆர்டிஸ் பெல்ட் போட்டாள், ஹெட்செட்டை மாட்டி மைக்கை அவன் உதட்டருகே வளைத்தாள். கழுத்துப் பட்டைக்கு மேல் அவன் தலை முன்னால் சாய்ந்திருந்தது. அவன் கண்கள் விழுந்த இடம் பேனலுக்கு அடியில் ஒயர்கள் கூடும் இடம். அங்கே எல்லாம் வெள்ளை உறை. அவன் போட்டது கறுப்பு. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி மூடியைச் சாத்தினோம்.

இன்ஜின் கிளம்பியது. நான் கையடக்க ரேடியோவோடு ஓடுபாதை ஓரத்தில் நின்றேன். கிளப் அறையின் ஒலிபெருக்கியும் அதே அலைவரிசையில்தான். ஒரு பாதை நீளம் போனார்கள். மறுகோடியில் திரும்பி நின்றார்கள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். எனக்குப் பயமாகிவிட்டது. அப்போது ரேடியோவில் ஒரினின் குரல் வந்தது. அவன் விரலுக்குப் பட்டனை அமுக்கும் சக்தி கிடையாது. அவன் விரல்மேல் ஆர்டிஸ் தன் விரலை வைத்து அமுக்கியிருக்க வேண்டும்.

"ரோலி." மூச்சு. "அந்த ஆன்டெனாவை இறக்கு. அது இவ தப்பு இல்ல. என் ஜாயிண்ட். எனக்குத் தெரியும்."

இரைச்சல் ஒரு பொட்டுகூட இல்லை. கிளப் அறையில் பான்கேக் தட்டோடு நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அவள் விரலை எடுக்கவில்லை போல. அவன் மைக் மட்டும் திறந்தே இருந்தது.

"வால்ல இருக்கிறது?" என்று கேட்டான். "அதையும் மாத்திட்டியா?"

அவள் பதில் எங்களுக்குக் கேட்கவில்லை.

"சரி" என்றான் ஒரின். "சரி."

நான் திரும்பிப் பார்க்காமல் வயல் பக்கமாக நின்று அழுதேன். கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

நவம்பரில் அவன் செத்துப்போனான். பறக்கவே இல்லை. ரோலி ஆன்டெனாவை இறக்கி, ஆர்டிஸ் பெயரைச் சுரண்டி அழித்துவிட்டான். அந்த ஆணியில் வேறு எதையும் மாட்ட யாருக்கும் மனம் வரவில்லை. ஆர்டிஸ் வசந்தத்தில் பாக்கி ஆறு மணி நேரத்தையும் பறந்து முடித்தாள். இன்றைக்கும் பறக்கிறாள், பெரும்பாலும் தனியாக.

போன வாரம் வருடாந்தரச் சோதனைக்கு விமானத்தைப் பிரித்திருந்தாள். நான் உதவிக்குப் போனேன். இறக்கைப் பக்கம் பார்த்து முடித்தபின், டார்ச்சை எடுத்துக்கொண்டு வாலுக்குள் குனிந்தேன். அங்கே இன்னும் அவன் போட்ட கறுப்பு உறைதான். இத்தனை வருடமாக அதிர்வில் இருக்கிற ஜாயிண்ட், ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றேன். அதுதானே முறை. அதைச் செய்யாமல் விட்டதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியாததா?

"அதைத் தொடாத, கிளெம்" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். டார்ச்சை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.